விதி இல்லை என்றார்கள், அதனால் விதி எழுதுகிறவர்களுக்கே எழுதுகிறேன்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் மாவட்டத்துக்கு வானிலை மையம் வெப்ப அலை எச்சரிக்கை கொடுத்திருந்த நாள் அது. அன்று காலை 9 மணிக்குப் பராமரிப்புப் பணி என்று சொல்லி மின்சாரத்தை நிறுத்தினார்கள். முந்தின நாளே நான் எங்கள் பகுதிப் பிரிவு அலுவலகத்துக்குப் போய், வீட்டில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் என் தம்பி படுத்திருக்கிறான், வெயில் இப்படிக் கொளுத்துகிறது, இந்த ஷட்டவுனைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா சார் என்று கேட்டேன். அங்கிருந்த அதிகாரி எரிந்து விழவில்லை, உட்கார வைத்துத்தான் பேசினார். "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா வெயில் அதிகமா இருந்தா நிறுத்தக் கூடாதுன்னோ, இந்த மாதிரி நோயாளி இருக்கிற வீட்டைத் தனியா பார்க்கணும்னோ எங்களுக்கு விதி எதுவும் இல்லையே" என்றார். அவர் மேல் புகார் எழுதி எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. விதியை எழுதும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்று மதியம் 2 மணிக்கு வரும் என்று அறிவித்த மின்சாரம் 4 மணி தாண்டித்தான் வந்தது. அதற்குள் தம்பியின் உடம்புச் சூடு 104 டிகிரியைத் தொட்டுவிட்டது. நான் இருப்பது வேலூர் பக்கம். மே மாதத்தில் இங்கே மதிய வெயில் எப்படி இருக்கும் என்று சென்னையில் இருக்கிற உங்களுக்கும் செய்தியில் பார்த்துத் தெரிந்திருக்கும்.

கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் கையும் காலும் மட்டும் போவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்ப்பதும் கிட்டத்தட்ட நின்றுவிடும். நமக்கெல்லாம் சூடு ஏறினால் தோல் சிவந்து, வியர்த்து, உடம்பு தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். அந்தக் கட்டளை மூளையிலிருந்து கீழே இறங்க வழியில்லாதவர்களுக்கு அறை சூடானால் உடம்பும் கூடவே சூடாகும், அவ்வளவுதான். காய்ச்சல் மாத்திரை கொடுத்தாலும் இறங்காது, ஏனென்றால் அது காய்ச்சலே இல்லை. ஈரத்துணி போட்டு, தண்ணீர் தெளித்து, விடாமல் காற்று பட வைத்துத்தான் இறக்க வேண்டும். அந்தக் காற்றுக்கு மின்சாரம் வேண்டும். ஐஸ் வாங்கி வைக்கலாம் என்று ஓடினால், அதே லைனில் இருக்கிற கடைகளிலும் ஃப்ரிட்ஜ் ஓடாமல் ஐஸ் உருகிக் கிடக்கிறது.

அப்புறம் படுக்கை. அசையாமல் கிடப்பவர்களுக்கு ஏர் பெட் என்று ஒன்று போடுவோம். சின்ன மோட்டார் ஒன்று அறை அறையாக மாற்றிக் காற்றை ஏற்றி இறக்கி, உடம்பின் பாரம் ஒரே இடத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ளும். மின்சாரம் போனால் கொஞ்ச நேரத்தில் அந்தக் காற்று இறங்கி, எலும்பு கட்டிலில் அழுந்தத் தொடங்கிவிடும். அன்று ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சூட்டை இறக்கிவிட்டார்கள், உயிர் பிழைத்தான். ஆனால் ஆறி மூடியிருந்த படுக்கைப்புண் மறுபடி திறந்துகொண்டது. அது மூட ஆடி மாதம் முடிய வேண்டியிருந்தது. கட்டு மாற்றும்போதெல்லாம் அவன் என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அங்கே வலி தெரியாது. எனக்கு வேலை வைக்கிறோமே என்கிற வருத்தம்தான் அவனுக்கு.

இன்வெர்ட்டர் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வைத்திருக்கிறோம். முந்தின இரவு டிரான்ஸ்பார்மரில் பழுது, விடியும்வரை மின்சாரம் இல்லை. காலையில் வந்து, பேட்டரி பாதிகூட ஏறுவதற்குள் ஷட்டவுன் வந்துவிட்டது. நல்ல பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்க இருபதாயிரத்துக்கு மேல் ஆகும், சில வருடத்தில் பேட்டரியை மாற்றவும் வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கும் வீடுகளின் நிலைமை இன்னும் மோசம். 5 லிட்டர் கருவி ஒன்று 300, 350 வாட் இழுக்கும். 150 ஏ.எச். பேட்டரி புதிதாக இருந்தாலும் அதை வைத்து நான்கு மணி நேரம் ஓட்டுவதே கஷ்டம். சொந்தமாக இதையெல்லாம் வாங்கிக்கொள்ள முடிந்தவர்களை மட்டும் மனதில் வைத்து ஒரு மாநிலத்தின் மின்விநியோகம் நடக்கக் கூடாது என்பது என் கருத்து.

என் வீட்டுக் கதையை மட்டும் சொல்ல நான் உட்காரவில்லை. எங்கள் தெருவிலேயே மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறையில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறார். வயதானால் தாகம் எடுப்பதே குறையும், வியர்வையும் குறையும், அந்த மாத்திரையோ உள்ளதையும் வெளியேற்றும். ஷீட்டுக்குக் கீழே இரவு பத்து மணிக்கும் சுவரைத் தொட முடியாது. ஒரு மின்விசிறிதான் அவருக்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நாலு வீடு தள்ளி டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஒருவர். வெயில் காலத்தில் எல்லோருக்கும் சொல்லும் அறிவுரை, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பது. அவரால் அது முடியாது, நாளுக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் அளந்து கொடுத்திருக்கிறார். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரிட்ஜ் நின்றால் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டு அண்ணி என்னிடம் கேட்கிறார். பச்சைக் குழந்தை இருக்கும் வீடுகள், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் (அந்த மாத்திரைகளில் சில வியர்வையைக் குறைக்கும்), வாதம் வந்து படுத்தவர்கள் என்று ஒரே தெருவில் எத்தனையோ பேர். சென்னையில் பெரும்பாக்கம் மாதிரி ஏழெட்டு மாடிக் குடியிருப்புகளில் மின்சாரம் நின்றால் லிஃப்டும் நிற்கும், தண்ணீர் மோட்டாரும் நிற்கும், மேல் மாடியில் இருக்கும் நடக்க முடியாதவர் கீழே இறங்கி மரநிழலில் உட்காரக்கூட முடியாது.

இவர்கள் எல்லோரும் மின்விநியோகத்தின் கணக்கில் வெறும் சர்வீஸ் நம்பர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஆறு மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் எரிச்சல் படுபவர் இருக்கிறாரா, உயிர் போகக்கூடியவர் இருக்கிறாரா என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. நான் உங்களிடம் கேட்பதெல்லாம் அடிப்படையில் இந்த ஒன்றுதான், அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்தபின் அதற்கேற்ப நடக்க வையுங்கள்.

உங்கள் விதிகளைப் படித்துப் பார்த்தேன், புரிந்தவரை. 2003 மின்சாரச் சட்டத்தின் 57வது பிரிவு, சேவைத் தரம் என்ன என்று வரையறுக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. அந்தத் தரத்தைக் காப்பாற்றாவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. அதன்படி 2004லேயே மின்பகிர்மானச் செயல்திறன் தரங்களுக்கான ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தீர்கள். ஃபியூஸ் போனால், கம்பத்தில் பழுது என்றால், டிரான்ஸ்பார்மர் மாற்ற வேண்டுமென்றால் எவ்வளவு நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் மார்கழி மாதக் காலையில் ஒரு மணி நேரம் மின்சாரம் போவதும், மே மாத நடு இரவில் ஒரு மணி நேரம் போவதும் கணக்கில் ஒன்றாகவே இருக்கின்றன. மின்தடையை அளக்க சைடி, சைஃபி என்ற குறியீடுகள் இருக்கின்றன, ஒரு நுகர்வோருக்குச் சராசரியாக எவ்வளவு நேரம், எத்தனை முறை மின்சாரம் போனது என்று சொல்பவை. சராசரி எடுத்தால் ஷீட் கூரைக்குக் கீழே இருக்கும் பாட்டியின் இரவு, ஜெனரேட்டர் வைத்த அடுக்குமாடியின் இரவோடு சேர்ந்து கரைந்து போய்விடும். ஆண்டறிக்கையில் எண் நன்றாகவே தெரியும்.

2020 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த மின்நுகர்வோர் உரிமை விதிகளில், மூத்த குடிமக்களுக்கு விண்ணப்பம் வாங்குவது, பில் கட்டுவது போன்ற சேவைகளை வீட்டுக்கே சென்று செய்ய வேண்டும் என்று இருக்கிறது. வயதானவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதைச் சட்டம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். பில் கட்ட அவர் அலையக் கூடாது என்று நினைத்த சட்டம், 42 டிகிரி வெயிலில் அவர் மின்விசிறி இல்லாமல் கிடக்கக் கூடாது என்றும் நினைக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் இப்போது இருக்கும் நிலை என்ன? இறந்த பிறகு குடும்பத்துக்குப் பணம் தர விதி இருக்கிறது. அவர் இறக்காமல் இருக்க ஒரு ஷட்டவுனைத் தள்ளிவைக்க விதி இல்லை. பேரிடர் என்று அரசே சொல்லிவிட்ட ஒரு நாளில், வேறு நாளில் செய்யக்கூடிய ஒரு பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தை நிறுத்துவதை எப்படி ஏற்றுக்கொள்வது? புயல் எச்சரிக்கை நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போகாதீர்கள் என்கிறோம். வெப்பத்துக்கும் வானிலை மையம் சில நாட்கள் முன்னதாகவே மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. அதைப் பார்த்து ஷட்டவுன் பட்டியலை மாற்ற முடியாதா?

முடியும் என்பதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கும்போது பராமரிப்புக்கான மின்நிறுத்தத்தைத் தவிர்க்கிறார்கள். தேர்தல் நாளில், வாக்கு எண்ணும் நாளில் மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்காக அதைச் செய்வது சரி, நிச்சயம் செய்ய வேண்டும். ஆனால் மார்ச்சில் தள்ளிப்போகும் வேலை எங்கே போய் விழுகிறது? ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். ஆண்டு முழுக்கப் போட வேண்டிய அட்டவணையை யாராவது ஒரு முறை வெயிலை மனதில் வைத்துப் போட்டிருந்தால், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியிலேயே பெரும்பகுதியை முடித்திருக்கலாம்.

திட்டமிட்ட மின்நிறுத்தம் பாதிக் கதைதான். மீதி, இரவில் நடப்பது. பத்து, பதினொரு மணிக்கு எல்லா வீட்டிலும் ஏ.சி.யைப் போடுவார்கள். பகல் முழுக்க வெயிலில் காய்ந்து நிற்கும் டிரான்ஸ்பார்மருக்கு இரவிலும் ஆறுவதற்கு நேரம் கிடைக்காது, தெருவுக்கு மின்சாரம் வரும் மூன்று பேஸ் லைன்களில் ஒன்று போகும். உடனே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்திருப்பவர்கள் மற்ற பேஸுக்கு மாற்றிக்கொள்வார்கள், அந்தப் பாரம் தாங்காமல் அதுவும் போகும். கடைசியில் தெருவே இருட்டு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அன்றைக்கு மாநிலத்தின் சாதனை அளவு அது. மின்சாரம் வாங்கித் தந்துவிட்டோம், பற்றாக்குறை இல்லை என்று சொல்கிறார்கள், இருக்கலாம். தெருமுனை டிரான்ஸ்பார்மர் அதைத் தாங்கவில்லை என்றால் கட்டிலில் கிடப்பவருக்கு இரண்டும் ஒன்றே. இரவில் உடம்பு ஆறாவிட்டால் அடுத்த நாள் வெயிலை அது தாங்காது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவேதான், தூங்காத இரவு, பிறகு மின்சாரம் இல்லாத பகல்.

லைன்மேன்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நடு ராத்திரியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பத்தில் ஏறுகிற தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஆள், பல டிரான்ஸ்பார்மர், விடாமல் அடிக்கும் போன். "அக்கா, இன்னும் மூணு இடம் இருக்கு, முடிச்சுட்டு வரேன்" என்பார். மூன்றில் எது முதலில் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கே கூச்சல் அதிகமோ, எங்கே பெரிய மனிதர் போன் செய்தாரோ அங்கே முதலில் போக வேண்டியிருக்கிறது. எந்த டிரான்ஸ்பார்மருக்குக் கீழே ஆக்சிஜன் கருவி ஓடுகிறது என்று அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தால், அவரே வேறு மாதிரி முடிவெடுப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பட்டியல் எடுப்பது நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். 2022 நவம்பரில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் கோடிக்கணக்கான வீட்டு மின் இணைப்புகளோடு ஆதார் எண்ணை இணைக்க வைத்தது இதே மாநிலம். வீட்டில் இருப்பவர் உரிமையாளரா, வாடகைக்காரரா என்றுகூட அப்போது கேட்டார்கள். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் யார், எந்தத் தெரு என்று அந்தந்தப் பகுதியில் அவர்களிடம் இருக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிற துறையிடம் அவர்கள் முகவரி இருக்கிறது. மூன்று அலுவலகங்களில் மூன்று பதிவேடாக இருப்பதை, சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதல் கேட்டு, சர்வீஸ் நம்பரோடு சேர்க்க வேண்டும். வேலைதான், ஆனால் செய்யக்கூடிய வேலை.

வெளிநாடுகளில் இது புதிதில்லை. பிரிட்டனில் முன்னுரிமைச் சேவைப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. முதியவர்கள், நீண்டநாள் நோயாளிகள், மருத்துவக் கருவி வைத்திருப்பவர்கள், சின்னக் குழந்தை உள்ள வீடுகள் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம், மின்சாரம் நிறுத்துவதற்கு முன்னால் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும், எதிர்பாராமல் நின்றால் அவர்களுக்கு முன்னுரிமை. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான மாநிலங்களில் உயிர்காக்கும் கருவி உள்ள வீடு என்று பதிந்துவிட்டால், திட்டமிட்ட நிறுத்தத்துக்குக் குறைந்தது நான்கு வேலை நாட்கள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 2018இல் 72 வயதுப் பெண் ஒருவர், 51 டாலர் பாக்கிக்காக மின் இணைப்பைத் துண்டித்தபின் வெப்பத்தால் வீட்டிலேயே இறந்துபோனார். விஷயம் அடுத்த ஆண்டு வெளியே வந்து மக்கள் கொந்தளித்தபோது, அங்கே உங்களைப் போன்ற ஒழுங்குமுறை ஆணையம்தான் தலையிட்டு, ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை வீடுகளின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று நிறுத்தியது. ஃபுளோரிடாவில் 2017இல் புயலுக்குப் பிறகு முதியோர் இல்லம் ஒன்றில் குளிர்சாதனம் நின்று 12 பேர் இறந்தார்கள், அதன்பின் எல்லா முதியோர் இல்லங்களிலும் மாற்று மின்வசதி கட்டாயம் ஆனது. இரண்டு இடத்திலும் உயிர் போன பிறகுதான் விதி வந்தது. இங்கே அதற்கு முன்பே வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சில மறுப்புகள் வரும். ஒரு டிரான்ஸ்பார்மரில் நூறு வீடு இருக்கும்போது ஒரு வீட்டுக்கு மட்டும் எப்படி மின்சாரம் தருவது என்பார்கள். அப்படி நான் கேட்கவில்லை. எதை முதலில் சரிசெய்வது, எந்த நாளில் நிறுத்தாமல் இருப்பது, யாருக்கு முன்கூட்டிச் சொல்வது என்ற ஒழுங்கைக் கேட்கிறேன். அந்த நூறு வீட்டுக்கும் அதில் பலன் உண்டு. பொய்ச் சான்றிதழ் வாங்கிப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள் என்பார்கள். சேரட்டும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் கையெழுத்துப் போட்ட பட்டியலில் பத்துப் பேர் கூடுதலாக இருப்பதால் யாரும் சாகப் போவதில்லை, ஒருவர் விடுபட்டுப் போனால் சாகக்கூடும். பராமரிப்பே செய்யாவிட்டால் இன்னும் அதிகமாகப் பழுதாகும் என்பதும் உண்மை. மின்சாரத்தை நிறுத்தாமல் வேலை செய்யச் சொல்லி எந்த ஊழியரின் உயிரையும் பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன். நாளையும் நேரத்தையும் மாற்றுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

சரி, இப்போது நான் கேட்பவை.

முதலாவது, செயல்திறன் தர ஒழுங்குமுறைகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, மருத்துவக் காரணத்தால் மின்சாரம் இன்றியமையாத வீடுகளுக்கான பதிவேட்டைக் கட்டாயமாக்குங்கள். கட்டணம் கூடாது. வாடகை வீட்டில் இருப்பவர், இணைப்பு வேறொருவர் பெயரில் இருந்தாலும், தானே பதிந்துகொள்ள முடிய வேண்டும், இல்லாவிட்டால் ஏழைகளில் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள். அலுவலகத்துக்கு வர முடியாதவருக்கு வீட்டுக்கு வந்து பதிவு செய்ய வேண்டும், 2020 விதிகளே அதற்கு வழி சொல்கின்றன. நோய் என்ன என்பதை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியதில்லை, முன்னுரிமை உண்டு என்ற குறிப்பு மட்டும் அந்த டிரான்ஸ்பார்மரின் பொறுப்பாளர் கையில் இருந்தால் போதும்.

ஒரு மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கை இருக்கும் நாட்களில் திட்டமிட்ட மின்நிறுத்தம் கூடாது என்று உத்தரவிடுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை மற்ற நாட்களில் தவிர்க்கவே முடியாத வேலை என்றால் விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள், காலை 10 மணிக்குள் முடிக்கும்படி பிரித்துச் செய்யட்டும். பதிவேட்டில் உள்ள வீட்டுக்கு மூன்று நாள் முன்னதாகப் போன் செய்து சொல்ல வேண்டும், நாளிதழில் ஒரு மூலையில் ஊர்ப் பெயர் போடுவதும் எஸ்.எம்.எஸ். அனுப்புவதும் போதாது. சொன்ன நேரத்தைத் தாண்டினால் ஏன் தாண்டியது என்று எழுத்தில் பதிவாக வேண்டும், அந்த வீட்டுக்கு இழப்பீடு அவர்கள் கேட்காமலே அடுத்த பில்லில் கழிய வேண்டும்.

இரவு மின்தடைக்கு வெயில் மாதங்களில் தனிக் கால வரம்பு வையுங்கள். பதிவேட்டு வீடுகள் அதிகம் உள்ள டிரான்ஸ்பார்மர்களை மார்ச் முடிவதற்குள் சோதித்து, பாரம் தாங்காதவற்றை மாற்ற வேண்டும். ஒவ்வொரு கோட்டத்திலும் மாற்று டிரான்ஸ்பார்மரும், இரவுப் பணிக்குப் போதுமான ஆட்களும், அவர்களுக்கு முறையான பாதுகாப்புக் கருவிகளும் இருக்கின்றனவா என்று நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். இதற்கு ஆகும் செலவைக் கட்டண மனுவில் காட்டினால் நான் முணுமுணுக்காமல் கட்டுவேன்.

பில் பாக்கிக்காகத் துண்டிப்பது இன்னொன்று. இரண்டு மாதக் கணக்கெடுப்பு முடிந்து 20 நாளில் கட்டாவிட்டால் துண்டிக்கலாம் என்பது எல்லா வீட்டுக்கும் ஒன்றாக இருக்கிறது. பதிவேட்டில் உள்ள வீடுகளை ஏப்ரல் முதல் ஜூன் வரை துண்டிக்கக் கூடாது, பாக்கியைத் தவணையில் வாங்கிக்கொள்ளலாம். எச்சரிக்கை நாட்களில் எந்த வீட்டையும் துண்டிக்கக் கூடாது.

எந்த டிரான்ஸ்பார்மரில், எந்தத் தேதியில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை மின்சாரம் இல்லை என்ற விவரத்தை மாதாமாதம் தமிழில் பொதுவில் வெளியிட வையுங்கள், கோடை மாதங்களின் இரவு நேரத்தைத் தனியாகப் பிரித்து. மாவட்டச் சராசரி எங்களுக்குப் பயன்படாது.

பேட்டரிக்கு மானியம், ஆக்சிஜன் கருவி உள்ள வீட்டுக்கு இரவல் பேட்டரி, முதியோர் இல்லங்களில் ஜெனரேட்டர் போன்றவை உங்கள் அதிகாரத்துக்குள் வராது என்று சொல்லலாம். மின்சாரச் சட்டம் 86(2) பிரிவின்படி மாநில அரசுக்கு ஆலோசனை சொல்வது உங்கள் கடமைகளில் ஒன்று. சுகாதாரத் துறையையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையையும் பேரிடர் மேலாண்மை ஆணையத்தையும் சேர்த்து உட்கார வைத்து அந்த ஆலோசனையை எழுத்தில் அரசுக்குக் கொடுங்கள்.

கடைசியாக, 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்காகக் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினீர்கள். இதற்கும் ஒன்று நடத்துங்கள். வேலூரிலும் ஈரோட்டிலும் நடத்துங்கள், வெயில் இங்கேதான் அதிகம். சக்கர நாற்காலி உள்ளே வரக்கூடிய இடமாகப் பாருங்கள், படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் போனில் பேசவும் வழி செய்யுங்கள். என் தம்பி பேசுவான், அவன் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கோடைக்கான ஷட்டவுன் அட்டவணை போடுவதற்கு முன்னால், அதாவது இந்த ஆண்டு டிசம்பருக்குள், அந்தக் கூட்டத்தின் தேதியை அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு மின்நுகர்வோர்